மூலைக்கடை

சேலத்துப் பழைய பேட்டைகளில் கடை முந்தி, வீடு பிந்தி. செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடியதால்தான் செவ்வாய்ப்பேட்டைக்கு அந்தப் பெயர் என்பார்கள். அங்கே லீ பஜாரில் மூட்டைக்கும் வண்டிக்கும் நடுவே நடப்பது கஷ்டம்தான். ஆனால் உப்புக்கு அலைய வேண்டியதில்லை.

நான் குடியிருக்கும் புறநகர் அப்படி உண்டானதல்ல. முதலில் வரைபடம், பிறகு மனை, கடைசியாக மனிதர்கள். 1920-இல் வந்த சென்னை நகரத் திட்டச் சட்டம் போய், 1971-இல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. எந்த நிலம் வீட்டுக்கு, எது வியாபாரத்துக்கு, எது ஆலைக்கு என்று பிரித்துக் குறிக்கிறார்கள். நியாயமான ஏற்பாடு. தோல் பதனிடும் தொட்டிக்கு அருகில் யார் தொட்டில் கட்டுவார்கள்?

எங்கள் தெருமூலை வீட்டில் ஒரு விதவை அம்மாள், முன்னறையில் மளிகைக்கடை வைத்தாள். அனுமதி வாங்கவில்லை. விடியற்காலையில் சரக்கு வண்டி வந்து உறுமும். வாசலை மறித்து மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். எனக்கு எழுத்து ஓடவில்லை. தெருக்காரர்கள் மனுக் கொடுக்கத் தீர்மானித்தார்கள். எழுத்தாளன் ஒருவன் கையருகே இருக்கும்போது வேறு ஆளைத் தேடுவானேன்? மனுவை நான்தான் எழுதினேன். நன்றாகவே எழுதியிருக்கிறேன் போலும். ஒரே மாதத்தில் கடை மூடப்பட்டது.

தெரு அமைதியானது. ஒரு நாவலை முடித்தேன்.

அப்புறந்தான் கவனித்தேன், மாலையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பும் என் தாயார் வீட்டை விட்டு இறங்குவதே இல்லை.

"ஏம்மா, என்ன வேணும்னு சொல்லு. வண்டியிலே போய்ப் பெரிய கடையிலே வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன்.

"நாலு கொத்துக் கறிவேப்பிலைக்காடா நான் போனேன்?" என்றாள்.

அந்தக் கடைப் பலகையில் உட்கார்ந்து அரை மணி பேசிவிட்டு வருவாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

விதிகளை வாங்கிப் படித்தேன். குடியிருப்புப் பகுதியிலும் அன்றாடச் சாமான் விற்கும் சிறு கடைக்கு இடம் இருக்கிறது. வண்டி வரும் நேரத்தையும், வாசல் மறிப்பதையும் பேசித் தீர்த்து, அனுமதிக்கு எழுதிக்கொடுத்திருக்கலாம். நானோ கடையே கூடாதென்று எழுதினேன்.

இப்போது இரண்டாவது மனு எழுதி வைத்திருக்கிறேன். முதல் மனுவுக்கு ஒரே மாலையில் 17 கையெழுத்து விழுந்தது. இதற்கு இதுவரை இரண்டு: ஒன்று என்னுடையது, மற்றது, நடுங்கும் கையால் என் தாயார் போட்டது.