சுருக்கங்களோடு ஒரு பரிச்சயம்

ஷார்பே என்கிற சீன ஜாதி நாயை முதன்முறை பார்க்கிறவர்கள் அதன் வயதைச் சரியாகச் சொல்வதில்லை. இரண்டு மாதக் குட்டிக்கு எண்பது வயது முகம். நெற்றியில் மடிப்பு மடிப்பாகத் தோல், தூக்கம் கெட்டவனுடையவை போன்ற கண்கள், நீலம் பாரித்த கறுப்பு நாக்கு. திருக்கோஷ்டியூரில் எங்கள் தெருவில், ஒரு வீட்டுப் பிள்ளை சென்னையிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போன குட்டிக்குப் பையன்கள் வைத்த பெயர் கிழவன். அதை வளர்க்கும் ஆச்சி, "என்ன கவலையோ இதுக்கு, பச்சப் பிள்ளையில மொகம் இப்படி வாடிக் கெடக்கு" என்பார்.

அந்த வீட்டுத் திண்ணையில் மாலைகளில் உட்கார்ந்து ஒரு வருஷம் போல அதைக் கவனித்திருக்கிறேன். கவலை நாம் அதன் முகத்தில் ஏற்றியது. அதன் சந்தோஷமும் அச்சமும் மற்ற நாய்களுக்குப் போலவே நடையிலும் வாலிலும்தான் இருந்தன. அந்நியரிடம் ஒட்டாது, ஆச்சியின் காலடிச் சத்தத்துக்கு மட்டும் எழுந்துவிடும். வளர வளர உடம்புச் சுருக்கங்கள் குறைந்து, தலையிலும் கழுத்திலும் தோளிலும் தங்கிவிட்டன. முதுமையில் தொடங்கி இளமைக்கு வருகிற பிராணி.

ஷார்பே என்றால் மணல் தோல் என்று அர்த்தம். எதிர்ப்புறமாகத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். தென்சீனத்துக் குவாங்டாங் பிரதேசத்தில் காவலுக்கும் வேட்டைக்கும், பிறகு சண்டைக்கும் வைத்திருந்த நாய். எதிரி கவ்வினாலும் தளர்ந்த தோலுக்குள்ளேயே திரும்பிக் கடிக்கும் என்பார்கள். 1949-க்குப் பிறகு சீனாவில் நாய் வளர்ப்பே அருகியபோது ஹாங்காங்கில் கொஞ்சம் மிஞ்சின. 1973-ல் ஹாங்காங்கிலிருந்து மேட்கோ லா என்பவர் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் மூலம் இந்த இனத்தைக் காப்பாற்றும்படி நாய்ப் பிரியர்களை வேண்டிக்கொண்டார். காப்பாற்றினார்கள். 1991-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் இதற்கு அங்கீகாரமும் தந்தது.

ஆனால் காப்பாற்றியவர்களுக்குப் பிடித்தது சுருக்கம். பழைய குவாங்டாங் நாய்க்குச் சுருக்கம் குறைவு. முகவாயும் இவ்வளவு தடிப்பில்லை. ரசிகர்கள் சுருக்கம் மிகுந்ததாகப் பார்த்துப் பார்த்து இனம் பெருக்கினார்கள். ஹயலூரோனிக் அமிலத்தை உண்டாக்கும் மரபணு ஒன்றின் அருகே ஒரு பகுதி இரட்டித்திருப்பதை 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. அமிலம் தோலில் தேங்குவதால் சுருக்கம். இந்த நாய்களுக்கு விட்டுவிட்டு வருகிற காய்ச்சலும் அதே இரட்டிப்போடு தொடர்புடையது. கிழவனுக்குக் காய்ச்சல் வரவில்லை. இமை உள்ளே மடிந்து மயிர் விழியை உரசியது. மதுரைக்குக் கொண்டுபோய் இமையைத் தைத்துவந்தார்கள். மடிப்புகளுக்குள் ஈரம் தங்கிப் புண்ணாகாமல் ஆச்சி தினமும் துணியால் ஒற்றியெடுக்கிறார்.

நம் ராஜபாளையம் நாயின் கதையும் அதிகம் வேறல்ல. பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தால்தான் அசல் என்று கேட்டு வாங்கினோம். அந்த வெள்ளையோடு காது கேளாமையும் பல குட்டிகளுக்கு வந்து சேர்ந்தது.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதை யோசிக்கிறவனுக்கு ராமானுஜர் ஞாபகம் வராமல் போகாது. பதினெட்டு தடவை நடந்து வந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பெற்ற ரகசியத்தை, சௌமியநாராயணப் பெருமாள் கோயில்மேல் ஏறி நின்று எல்லோருக்கும் சொன்னார் என்பது குருபரம்பரைக் கதை. கோபித்த நம்பியே பிறகு அவரைக் கட்டிக்கொண்டார். நாமும் ராமானுஜர் பக்கம்தான். இருந்தாலும் நம்பியின் தயக்கத்தை அற்பமென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. மந்திரம் எத்தனை பேர் வாயில் புகுந்தாலும் அதே எழுத்துக்களாக இருக்கிறது. உயிருள்ளது எடுத்துக்கொள்கிறவனின் ருசிக்கு வளைந்துபோகிறது.

கவிதை இதில் எந்தப் பக்கம்? ஐம்பது பேர் படித்த கவிதைகளில் ஏதோ ஒரு இறுக்கத்தை, ஒரு மௌனத்தை, நம் பக்கங்கள் சிலாகித்தன. அடுத்து எழுத வந்தவர்கள் அதையே தேர்ந்து பெருக்கினார்கள். இன்று மடிப்புகள் நிறைய இருக்கின்றன; அடியில் தசை இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்காக வாயை மூடிக்கொள்ள முடியாது. யாரும் வெளியே சொல்லியிராவிட்டால் இன்று ஷார்பே உலகத்தில் இருந்திருக்காது. ஆனால் விமர்சகனின் பாராட்டும் ஒருவகை இனப்பெருக்கம். ஒரு கவிதையில் எதைச் சுட்டிக்காட்டி நன்றாக இருக்கிறது என்கிறோமோ, அடுத்த தலைமுறையில் அதுதான் தடித்து வளரும்.