அறுபது மைக்ரான்

சென்னை கோபாலபுரத்தில், அவ்வை சண்முகம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், வீட்டு கார் ஷெட்டைப் பட்டறையாக்கி வைத்திருக்கிறார் அந்தப் பொறியாளர். கார் நிற்க வேண்டிய இடத்தில் ஆளுயர இரும்புப் பெட்டி. கதவைத் திறந்தால் மூன்று சர்வோ டிரைவ், ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர், அதில் செருகிய ஒரு கார்டு, வரிசை வரிசையாக டெர்மினல்கள். டெர்மினலும் ரிலேவும் ரிச்சி தெருவில் வாங்கியவை. எந்த ஒயரின் முனையைப் பார்த்தாலும் எண் அச்சடித்த ஃபெரூல் மாட்டியிருக்கிறது. அவர் தொழிற்சாலைப் பராமரிப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கிண்டிப் பட்டறைகளில் அவருக்குப் பெயர் 'சார்' மட்டும்தான். பழைய சிஎன்சி மில்லிங் மெஷினின் இரும்பை வைத்துக்கொண்டு மூளையை மட்டும் மாற்றுவது அவர் தொழில். பட்டறை மொழியில் ரெட்ரோஃபிட்.

இந்தப் பெட்டி போகப்போகும் மெஷின் நிற்பது கிண்டி தொழிற்பேட்டையில். 1958-ல் தொடங்கிய பேட்டை அது. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது கிண்டியிலும் ஈக்காட்டுத்தாங்கலிலும் பட்டறைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இந்த மெஷினிலும் கண்ட்ரோல் பெட்டி பாதிவரை மூழ்கியது. கார்டுகளைக் கழற்றிக் கழுவி, காயவைத்து, பழுது பார்த்துச் சில வருடங்கள் ஓட்டினார்கள். பிறகு அச்சுகளை நகர்த்தும் போர்டு போயிற்று. மாற்று போர்டு கிடைக்கவில்லை. வார்ப்பிரும்பு உடலுக்கோ ஒரு குறையும் இல்லை. மேல் துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டதும் பழையபடி ஆகிவிட்டது. எலக்ட்ரானிக்ஸின் ஆயுள் வேறு, இரும்பின் ஆயுள் வேறு. இந்த வித்தியாசத்தில்தான் ரெட்ரோஃபிட் என்ற தொழிலே பிழைக்கிறது.

இது ஏழைப் பட்டறைகளின் ஒட்டுவேலை என்று சிலர் இளக்காரமாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை. 1952-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் உலகுக்குக் காட்டப்பட்ட முதல் எண்வழிக் கட்டுப்பாட்டு மில்லிங் மெஷினே ஒரு ரெட்ரோஃபிட்தான். சின்சினாட்டி நிறுவனத்தின் ஹைட்ரோடெல் என்ற பழைய மெஷினை எடுத்து, வெற்றிடக் குழாய்களும் ரிலேக்களும் அடைத்த பெரும் பெட்டிகளை அதனுடன் இணைத்திருந்தார்கள். துளையிட்ட காகித நாடாவிலிருந்து அது கட்டளைகளைப் படித்தது. அந்த நாடாவின் நிழல் வெகுகாலம் நீடித்தது. பழைய கண்ட்ரோலர்களின் கையேட்டில் நினைவகத்தை மீட்டரில் குறித்திருப்பார்கள்: 80 மீட்டர் நாடா என்றால் ஏறக்குறைய 32 கிலோபைட்.

கிண்டி மெஷினின் புது மூளைக்குச் சார் தேர்ந்தெடுத்தது லினக்ஸ்சிஎன்சி. 1990-களில் அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வு நிறுவனமான நிஸ்ட்டில் பிறந்த, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய மென்பொருள். பட்டறை முதலாளிக்கு ஃபானுக் அல்லது சீமென்ஸ் கண்ட்ரோலர் போடத்தான் ஆசை. பட்ஜெட் இடம் தரவில்லை. சாருக்கு வேறு காரணமும் உண்டு. இதில் மெஷினின் அமைப்பெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருக்கிறது. "நாளைக்கு நான் இல்லேன்னாலும் இன்னொருத்தன் தொறந்து படிச்சுப்பான்" என்றார்.

ஆனால் இந்தத் தொழிலின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைக் கிண்டியில், பெட்டி வந்து சேரும் முன்பே பார்த்தேன். பழைய மோட்டார்களுக்குப் பதில் புதிய ஏசி சர்வோ மோட்டார்கள் ஏறியிருந்தன. மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் அதன் என்கோடர் 10,000 எண்ணிக்கை தரும். மோட்டாரோடு சுழன்று மேசையை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் பிட்ச் 10 மில்லிமீட்டர். ஆக, கண்ட்ரோலர் ஒரு மைக்ரான் அசைவையும் எண்ணிவிடும். கணக்கில் குறையே இல்லை. அந்தப் பட்டறையின் ஃபிட்டர் பெரியவர் அந்தக் கணக்கில் மயங்கவில்லை. டயல் கேஜை மேசையின் மேல் வைத்து, ஸ்க்ரூவைக் கையால் ஒரு பக்கம் திருப்பி, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பினார். ஸ்க்ரூ திரும்பியது, முள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பிய பிறகுதான் மேசை நகரத் தொடங்கியது.

"அறுபது மைக்ரான் சார்" என்றார்.

என்கோடர் மோட்டாரின் முதுகில் இருக்கிறது. மோட்டார் திரும்பியதைத்தான் அது அறியும். மேசை பின்தங்கியதை அறியாது. திரை ஒரு மைக்ரான் பேசும், மேசை அறுபது மைக்ரான் பொய் சொல்லும். இதைக் கண்ட்ரோலரில் ஒரு எண் போட்டு ஈடுகட்டலாம், பேக்லாஷ் காம்பன்சேஷன் என்பார்கள். பலரும் அதோடு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்த எண்ணால் இடத்தைத்தான் திருத்த முடியும், ஆட்டத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. கட்டர் சுழலும் திசையிலேயே மேசை நகரும்போது கட்டர் உலோகத்தைக் கவ்வி மேசையை முன்னே இழுக்கும். இடையே அறுபது மைக்ரான் காலி இருந்தால் மேசை துள்ளும், கட்டர் உடையும்.

பெரியவர் அந்த அறுபதைப் பிரித்த விதம் அழகானது. ஸ்க்ரூவின் முனையில் இருக்கும் சென்டர் குழியில் கிரீஸ் தடவி ஒரு சிறு பால்ரஸ் குண்டை ஒட்டினார். டயலின் முனையை அதன் மேல் வைத்தார். மேசையைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளச் சொன்னார். ஸ்க்ரூவே 35 மைக்ரான் முன்னும் பின்னும் ஆடியது. அது பேரிங்கின் தேய்மானம். மிச்சம் 25 நட்டுக்குள் இருக்கிறது. பேரிங் ஜோடி புதிதாக வந்தது. நட்டைக் கழற்றிச் சற்றே பெரிய குண்டுகள் போட அனுப்பினார்கள். மேசைத் தடத்தின் இடைவெளியை இறுக்கும் ஜிப் பட்டையில் நீலம் தடவி, தேய்த்துப் பார்த்து, நீலம் ஒட்டிய மேடுகளை ஸ்கிரேப்பரால் சுரண்டி, மறுபடி நீலம் தடவி... புளூ மேட்சிங். எல்லாம் முடிந்து அளந்தபோது ஆட்டம் 8 மைக்ரான். பெட்டி வந்து சேர்ந்ததும் அந்த எட்டைக் கண்ட்ரோலரில் போட்டார் சார். எட்டுக்குப் போடுவது நியாயம்.

மின்சாரம் கொடுத்த அன்று யாரும் மெஷினை ஓட்டவில்லை. முதலில் கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரை ஸ்க்ரூவிலிருந்து பிரித்தார்கள். என்கோடர் எண்ணும் திசை தலைகீழாக இருந்தால், பிழையைக் குறைக்கப் பார்க்கும் கண்ட்ரோலர் அதைப் பெருக்கிக்கொண்டே போகும். மோட்டார் தறிகெட்டு ஓடும். மேசையோடு சேர்ந்து ஓடினால் ஆள் கை போகும். எமர்ஜென்சி பட்டனை மென்பொருளை நம்பி விடாமல் நேராக ரிலே வழியே டிரைவ்களின் மின்சாரத்தை அறுக்கும்படி அமைத்திருந்தார். லிமிட் சுவிட்சுகளில் எப்போதும் மின்னோட்டம் இருக்கும். எலி ஒயரைக் கடித்தாலும் மெஷின் நின்றுவிடும். மின்சாரம் போனால் ஸ்பிண்டில் தலை தன் எடையில் கீழே சரியாமல் இசட் அச்சில் பிரேக். இவை எதுவும் விலைப்பட்டியலில் பளிச்சென்று தெரியாது. ரெட்ரோஃபிட் செய்பவரிடம் முதலில் கேட்க வேண்டியவை இவைதான்.

பிறகு 100 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு அலுமினிய வட்டம் வெட்டினார்கள். வட்டத்தில் ஒவ்வோர் அச்சும் இரண்டு இடங்களில் திசை மாறும். குறை இருந்தால் அங்கே படி விழும். பெரியவர் நகத்தால் விளிம்பைச் சுற்றி வந்தார். எக்ஸ் மாறும் இரண்டு இடங்களிலும் நகம் வழுக்கியது. ஒய் மாறும் இடத்தில் நின்றது. வைஸ் எப்போதும் மேசையின் நடுவிலேயே இருந்ததால் ஒய் அச்சின் தடம் நடுவில் மட்டும் தேய்ந்திருக்கிறது. நடுவுக்கு ஜிப்பை இறுக்கினால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். ஓரத்துக்கு விட்டால் நடுவில் ஆடும். ஒரே ஒரு எண்ணால் இதைத் தீர்க்க முடியாது. தடம் முழுவதையும் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

முதலாளிக்கு பம்ப் உறைகள் வெட்டிக் கொடுக்கும் ஆர்டர் காத்திருந்தது. "இப்பவே ஓடுதே மாஸ்டர்?" என்றார். பெரியவர் குரலை உயர்த்தவில்லை. "ஓடும் முதலாளி. அளவு நிக்காது. ஆர்டர முடிச்சிட்டு மெஷின என்கிட்ட விடுங்க" என்றார். சாரும் அதையே சொன்னார். அந்தப் பட்டறையில் ஸ்கிரேப்பர் பிடிக்கத் தெரிந்த கை பெரியவருடையது மட்டும்தான். லினக்ஸ் தெரிந்த பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனையோ பேர். நீலம் பார்த்துச் சுரண்டத் தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. எனக்கு உண்மையான கவலை அதுதான். முதலாளி கடைசியில் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: மெஷின் ஓட்டும் பையனும் கூடவே சுரண்டக் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியவர் பையனைக் கூப்பிட்டு, ஆர்டர் முடிந்த மறுநாள் மேசையைத் தூக்கச் செயின் பிளாக் எடுத்துவைக்கச் சொன்னார்.