நைட் சிட்டியில் வலை அறுந்த இரவு

ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட். சனிக்கிழமை மாலை. மடக்கு மேசையைச் சுற்றி ஐந்து பேர். அட்டைத் திரைக்குப் பின்னால் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர். எல்லாருக்கும் அவர் அண்ணா. அவருடைய பக்கத்துச் சோபாவில் எனக்கு இடம் கொடுத்திருந்தார்கள். வாய் திறக்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

ஆட்டம், மேசையில் பாத்திரமேற்று ஆடும் சைபர்பங்க் ரெட். ஊர் நைட் சிட்டி, ஆண்டு 2045. பேச்சில் பாதி ஆங்கிலம், பாதி யாழ்ப்பாணத் தமிழ்.

"நூடுல்ஸ் சாப்பிட்டு முடிச்சிட்டீங்கள். காசு கட்டுறீங்கள். மெசின் சிவப்பாப் பத்துது."

சோலோவாக, அதாவது சண்டைக்காரனாக ஆடும் கண்ணாடிக்காரர், "திரும்ப அடிக்கிறன்" என்கிறார்.

"திரும்பவும் சிவப்பு. பின்னால வரிசை நிக்குது. கடைக்கார அம்மா உங்களை ஒரு மாதிரிப் பாக்கிறா."

யாருக்கும் உறைக்கவில்லை. தரகு வேலை பார்க்கும் பாத்திரமான ஃபிக்ஸர் தன் ஏஜென்டில், அதாவது அந்த உலகத்துக் கைபேசியில், தெரிந்த ஒருவனைக் கூப்பிடுகிறார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்தியம் பார்க்கும் மெடெக் வீட்டுக்குப் போகப் பார்க்கிறார். கதவுப் பூட்டுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. லிஃப்ட் பாதி மாடியில் நிற்கிறது, உள்ளே யாரோ தட்டுகிறார்கள். துப்பாக்கி இல்லை, வெடி இல்லை. வழக்கமாகக் கையை நீட்டுகிற பொருளெல்லாம் ஒவ்வொன்றாக மறுக்கிறது. சோலோ, உருட்டத் தயாராக வைத்திருந்த பகடையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணா, இது இந்தத் தெருவில மட்டுமோ, முழு சிட்டியிலுமோ?"

"நீங்கள்தான் போய்ப் பாக்கவேணும்."

அண்ணாவின் முன்னால் இருந்த தாள் எனக்குத் தெரிந்தது. பென்சிலில் மணி வாரியாக எழுதியிருந்தார். முதல் மணி காசு. இரண்டாவது, கதவும் லிஃப்டும். நான்காவது மருத்துவம். எட்டாவது தண்ணீர். பன்னிரண்டுக்கு நேரே 'பக்கத்து வீட்டுக்காரர்' என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். வைரஸ், சதி, வில்லன் எதுவும் அந்தத் தாளில் இல்லை. இந்தக் கட்டத்தில்தான் கேம் மாஸ்டர்கள் பலர் சறுக்குகிறார்கள். ஊர் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் அணைத்துவிட்டு, செய்தி வாசிப்பதுபோல் விளக்கம் சொல்வார்கள். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள், பிறகு பழையபடி துப்பாக்கியைத் தேடுவார்கள். பேரழிவு ஒரு பின்னணிச் சித்திரமாக நின்றுவிடும்.

இந்த ஆட்டத்துக்கே ஒரு வலைப் பேரழிவுதான் அடித்தளம். மைக் பாண்ட்ஸ்மித் முதல் சைபர்பங்க்கை வெளியிட்டது 1988ல். 1990ல் வந்த பதிப்பின் பெயர் 'சைபர்பங்க் 2020'. அதில் வலைகளை ஊடுருவும் பாத்திரமான நெட்ரன்னர் வலைக்குள் இறங்கினால், அவரும் கேம் மாஸ்டரும் தனியாக ஒரு ஆட்டம் ஆடுவார்கள். மற்றவர்கள் பீட்சா தின்றுகொண்டு காத்திருக்க வேண்டியதுதான். 2020ல் வந்த 'ரெட்' இந்தக் குறையைக் கதையாலேயே தீர்த்தது. ராஷ் பார்ட்மோஸ் என்ற நெட்ரன்னர் விட்டுப்போன நிரல்கள் 2022ல் உலக வலையைத் தின்று தீர்த்ததாக அதன் வரலாறு சொல்கிறது. டேட்டாகிராஷ் என்பது அதன் பெயர். அதன்பின் மிஞ்சியவை ஊருக்குள் மட்டும் ஓடும் டேட்டா பூலும், கட்டடத்துக்குக் கட்டடம் தனித்தனியாக இருக்கும் சிறு வலைகளும்தான். அவற்றுக்குள் நுழைய, நுழைவுப் புள்ளியிலிருந்து ஆறு மீட்டருக்குள் ஆள் நேரில் நிற்கவேண்டும். ஆகவே நெட்ரன்னரும் மற்றவர்களோடு மழையில் நனைந்து, சுவர் ஏறிக் குதித்து, குண்டுக்குப் பதுங்கித்தான் போகவேண்டும். இந்த வகை ஆட்டங்களில் நான் அறிந்த மிகச் சிறந்த வடிவமைப்பு முடிவு இது. 1989ல் வந்த ஷேடோரனின் கதையிலும் 2029ல் ஒன்று, 2064ல் ஒன்று என இரண்டு பெரிய கிராஷ்கள் உண்டு. ஆனால் மேசையில் உட்கார்ந்திருப்பவரின் காத்திருப்பைப் போக்கியது ரெட்டின் கிராஷ்தான்.

இன்றிரவு அண்ணா அணைத்தது அந்த டேட்டா பூலை.

நான்காவது மணி. நடைபாதையில் ஒரு கனவான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். கையில் ட்ரோமா டீம் அட்டை. மாதம் ஆயிரம் யூரோபக் கட்டுகிற எக்சிகியூட்டிவ் சந்தா. அட்டையை உடைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார். ஆயுதம் ஏந்திய ஆம்புலன்ஸ் பறந்து வரவேண்டும். வரவில்லை. அட்டையின் குரல் போய்ச் சேர வழியில்லை.

"எவ்வளவு நேரமாப் பாத்துக்கொண்டிருக்கிறார்?" என்று மெடெக் கேட்டார்.

"நீங்கள் வந்ததில இருந்து."

மெடெக்காக ஆடுபவருக்கு இருபது வயதுக்கு மேல் இராது. அவருடைய கேரக்டர் ஷீட்டில் 'பணக்காரரை வெறுப்பவன்' என்று இருக்கிறது. அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பையைத் திறந்து, மருந்துக் கணக்கில் ஒன்றைக் குறைத்தார். மேசையில் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

இடைவேளையில் மட்டன் ரோல்ஸ் வந்தது. பேச்சு தானாகவே 2022 ஜூலை 8க்குப் போயிற்று. ரொறொன்ரோக்காரர்கள் யாரும் அந்த வெள்ளிக்கிழமையை மறக்கமாட்டார்கள். கனடாவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் வலை விடியற்காலையில் விழுந்தது. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். கைபேசியும் வீட்டு இணையமும் சேர்ந்து போயின. டெபிட் கட்டண வலையான இன்டராக் படுத்ததால் நாடெங்கும் கடைகளில் டெபிட் கார்டு எடுபடவில்லை. அவசர எண் 911க்குக்கூடப் பலரால் பேச முடியவில்லை. அன்று மாலை நடக்கவிருந்த பாடகர் த வீக்கெண்டின் கச்சேரி தள்ளிப்போயிற்று. சோலோ அப்போது ஒரு பலசரக்குக் கடையில் வேலை. 'காசு மட்டும்' என்று மட்டையில் எழுதிக் கதவில் ஒட்டியது தான்தான் என்றார். ஃபிக்ஸர், கோப்பிக் கடை வைஃபைக்காகச் சனம் வாசலில் நிலத்திலேயே இருந்ததைச் சொன்னார். அண்ணா கேட்டுக்கொண்டே தாளின் ஓரத்தில் ஏதோ குறித்தார். எட்டிப் பார்த்தேன். 'காசு மட்டும்' அங்கே ஏறியிருந்தது.

இவ்வளவு நேரமும் நெட்ரன்னராக ஆடும் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். வலையே இல்லாத இரவில் அவளுக்கு என்ன வேலை? இடைவேளை முடிந்ததும் கேட்டேவிட்டாள்: "அண்ணா, அப்ப நான் என்ன செய்யிறது?"

"சிட்டி வலைதான் போனது. தண்ணி நிண்டுட்டுது. பம்ப் ஸ்டேஷனுக்குச் சொந்தமா ஒரு வலை இருக்கு. அது உயிரோட இருக்கு. ஆனா நீர் அந்தப் பெட்டிக்குக் கிட்டப் போகவேணும்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மற்ற நான்கு பேரும் வரைபடத்தை அவள் பக்கம் திருப்பினார்கள். இருட்டில் பதினொரு தெரு. வழியில் ஒரு கும்பல் மறிக்கிறது. ஃபிக்ஸர், காசு செல்லாத இரவில் தன் வாக்கை மட்டும் ஈடாக வைத்து வழி வாங்குகிறார். சோலோ ஒரு தடவையும் சுடவில்லை, கிழவி ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு படி இறங்குகிறார். பம்ப் ஸ்டேஷனில் கன்ட்ரோல் நோடை வெல்லத் தாண்டவேண்டிய எண் பத்து. அவளுடைய இன்டர்ஃபேஸ் திறன் நான்கு. பத்துமுகப் பகடை ஏழில் நின்றது. பதினொன்று. மேசை அதிர்ந்தது.

"பம்ப் உங்கட கையில. ஆனா கரண்ட் ஒரு கட்டடத்துக்குத்தான் காணும்."

ஒன்று, அந்தக் கனவான் படுத்திருக்கும் கிளினிக். மற்றது, இவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி. அங்கே பன்னிரண்டாம் மணியின் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாளியோடு நிற்கிறார்கள். மேசையில் சண்டையே வந்துவிட்டது. மெடெக், தான் காப்பாற்றிய ஆளை விட்டுக்கொடுக்கமாட்டேன் என்றார். கடைசியில் நெட்ரன்னர்தான் முடிவெடுத்தாள், தண்ணீர் அடுக்குமாடிக்கு. மெடெக் அவளோடு பிறகு பேசவில்லை. அது பாத்திரமா, ஆளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த மனத்தாங்கல்தான் அன்றைய ஆட்டத்தின் உச்சம்.

விடிகிற நேரத்தில் டேட்டா பூல் திரும்பியது. "ஆர் செய்தது?" என்று நான்கு குரல்கள் ஒன்றாகக் கேட்டன. அரசாகா கார்ப்பரேஷனா, ஏதாவது ஏஐயா என்று ஆளுக்கொரு சந்தேகம்.

"ஒருத்தரும் செய்யேல்லை. இரவு வேலைக்கு வந்த டெக்னீஷியன் ஒரு அப்டேட் போட்டவர். அதில ஒரு வரி குறைஞ்சுபோச்சு."

நிஜத்திலும் அப்படித்தான். ஜூலை 8ன் காரணம் தாக்குதல் அல்ல. பராமரிப்பு அப்டேட் ஒன்றில் ஒரு வடிகட்டியை நீக்கியதும், வழித்தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து மைய ரவுட்டர்களை மூழ்கடித்தன. சரிசெய்ய வேண்டிய பொறியியலாளர்களுக்கும் அதே வலைதான் தொடர்பு என்பதால், ஆரம்பத்தில் ஒருவரையொருவர் பிடிப்பதே பெரும்பாடாயிற்று. வில்லனைக் கொடுத்திருந்தால் அடுத்த வாரம் அவனைச் சுட்டுவிட்டு ஐந்து பேரும் அந்த இரவை மறந்திருப்பார்கள். அண்ணா கொடுக்காமல் விட்டது சரி.

அடுத்த ஆட்டத்துக்கு வரும்போது, அந்த இருட்டில் தம் பாத்திரம் யாருக்கெல்லாம் கடன்பட்டது என்று ஆளுக்கொரு பட்டியல் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஃபிக்ஸர் அங்கேயே எழுதத் தொடங்கிவிட்டார்.