கடலுக்கு ஏது மாதச் சம்பளம்?

பி.காம். முடித்தால் ஆடிட்டர் ஆபீஸ், இல்லாவிட்டால் பாங்க் பரீட்சை. மூன்றாவதாக ஒரு வேலையும் இருக்கிறது: அடுத்தவரின் ஓய்வுக்காலத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது. "சம்பளத்தில் மாதாமாதம் ஒரு பங்கு ஒதுக்கு" என்றுதான் பாடம் ஆரம்பிக்கும். ராமேஸ்வரத்தில் அந்த முதல் வரியே படுத்துவிடும். விசைப்படகு ஆட்களுக்குச் சம்பளம் ஏது? பிடித்த மீனில் பங்குதான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வேறு!

2015-ல் வந்த அடல் பென்ஷனில் 30 வயதுக்காரர் மாதம் 577 ரூபாய் கட்டினால் 60-க்குப் பிறகு மாதம் 5000. நல்ல திட்டம்தான். ஆனால் மே மாதம் கணக்கில் அந்த 577 இருக்காதே? தாமதமானால் அதற்கும் பிடித்துக்கொள்வார்கள். மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை கட்டவும் வழி உண்டு. பாம்பன்காரர் தடைக்காலத்தைப் பார்த்து அதை அமைத்துத் தருவதுதான் கணக்காளரின் நிஜமான வேலை (டேலி எல்லாம் அப்புறம்). அதையும் 40 வயதுக்குள் செய்ய வேண்டும். அதற்குமேல் சேர்க்க மாட்டார்கள்.