வர்க்கமூலம் வேண்டாத கர்ணம்

மின்னஞ்சல் காலத்தில் தொடங்கி வாட்ஸ்அப் வரை சுற்றிக்கொண்டே இருக்கும் செய்தி ஒன்று உண்டு. பிதாகரஸ் தேற்றத்தைத் தமிழன் முன்பே கண்டுபிடித்துவிட்டான், அதுவும் வர்க்கமூலமே இல்லாமல் என்று. கூடவே போதையனார் பெயரில் ஒரு செய்யுளும் வரும். பெருமைதான். ஆனால் பகிர்வதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்?

செய்யுள் சொல்லும் வழி எளிது. செங்கோண முக்கோணத்தின் நீளமான பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, குட்டைப் பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம் வந்துவிடும். 4, 3 என்று வைத்தால் 4 - 0.5 + 1.5 = 5. சரி. 12, 5 என்றால் 12 - 1.5 + 2.5 = 13. அதுவும் சரி. செய்தியும் இத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

இனி இரண்டு பக்கமும் 10 அடி என்று வையுங்கள். இந்த வழியில் 13.75 அடி வருகிறது; உண்மையில் 14.14. இதை நம்பிக் கைமரம் அறுத்தால் ஏறக்குறைய ஐந்து அங்குலம் குறையும். 13.75-ஐ வைத்தே அறையின் மூலையை மட்டம் பார்த்தால், கோணம் 90 பாகைக்குப் பதில் சுமார் 87 ஆகி, குறுங்கோண முக்கோணமாகிவிடும்.

20, 2 என்று போட்டால் கூத்து இன்னும் பெரிது. கர்ணம் 18.5 வருகிறது! எந்த முக்கோணமானாலும் பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம்தான் இருக்கும். செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் கர்ணம் 20-ஐ விடச் சிறியதாக இருக்கவே முடியாது. குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தில் கால்வாசிக்கும் குறைந்தால் எப்போதும் இதே கதிதான்.

சமன்பாடாக எழுதித் தீர்த்தால், இந்த வழி துல்லியமாகப் பொருந்துவது இரண்டே வடிவங்களுக்கு: 3-4-5, 5-12-13, மற்றும் இவற்றின் மடங்குகள். மற்ற எல்லாம் தோராயம்.

பிதாகரஸ் தேற்றம் அப்படியல்ல. அது எல்லாச் செங்கோண முக்கோணத்துக்கும் பொருந்தும்; கோணத்தையும் காட்டிக்கொடுக்கும். பெரிய பக்கத்தின் வர்க்கம் மற்ற இரண்டின் வர்க்கக் கூட்டுத்தொகைக்குச் சமம் என்றால் செங்கோணம், குறைந்தால் குறுங்கோணம், மிஞ்சினால் விரிகோணம். கொத்தனார் மூன்றடி, நாலடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று நூல் பிடிப்பது இதை நம்பித்தான்.

அதற்காகச் செய்யுளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கால்குலேட்டர் இல்லாமல், அரையும் அரைக்காலும் மட்டும் தெரிந்தவர் மனக்கணக்காகவே அளவை நெருங்கிவிடலாம். 15, 8-க்கு 17 வர வேண்டிய இடத்தில் 17.125 வருகிறது, மோசமில்லை. நல்ல குறுக்குவழி என்று சொன்னாலே அதற்குரிய மரியாதை கிடைத்துவிடும். தேற்றம் என்று சொன்னால், 20-ஐயும் 2-ஐயும் போட்டுப் பார்க்கும் முதல் பள்ளிச் சிறுவனிடமே தோற்றுப்போகும்.