கேட்டால் சொல்வார்

வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பெண்கள் பொதுவார்டு, பார்வையாளர் நேரம். தமிழ், தெலுங்கு, வங்காளம் என்று மூன்று பாஷையில் ஒரே கவலை பேசப்படுகிறது.

அந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். வெளிர்நீலப் பருத்திப் புடவை, ரப்பர் செருப்பு, தோளில் துணிப்பை. ரிட்டயர்டு டீச்சராம். ஒவ்வொரு படுக்கையருகிலும் அவருக்கு முதல் வேலை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவதுதான். படுத்திருப்பவர் தன்னை அண்ணாந்து பார்க்கும்படி வைப்பதில்லை.

பைக்குள் கறுப்பு அட்டைப் பைபிளின் ஓரம் தெரிகிறது. வெளியே வருவதென்னவோ சீப்பு, தேங்காயெண்ணெய், நகவெட்டி, ஒரு துண்டு. குடியாத்தத்துப் பெண்ணுக்குக் கையில் டிரிப்ஸ் ஏறுகிறது. சிக்குப் பிடித்த அவள் தலைமுடியை நுனியிலிருந்து மெல்லப் பிரித்துப் பின்னிவிடுகிறார். பேச்சு முழுக்கக் கைலி நெசவைப் பற்றி, கூலி கட்டுப்படியாகாததைப் பற்றி.

அடுத்த படுக்கையில் ஆம்பூர்ப் பாட்டி. விரல்களுக்கிடையே தஸ்பீஹ் மணி நகர்கிறது. "ஓதி முடிங்கம்மா, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் காத்திருக்கிறார். மணிமாலை தலையணைக்கடியில் போன பிறகே நகவெட்டி வெளியே வருகிறது.

சுவிசேஷக் கைப்பிரதிகளோடு ஓர் இளைஞன் நுழைகிறான். முகத்தில் உண்மையான கனிவு, அவன் நடிக்கவில்லை. நாளை காலை ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் வங்காளத்து அம்மாவின் கால்மாட்டில் நின்று, தெரிந்த இந்தியில் கேட்கிறான்: இன்று ராத்திரி உயிர் போனால் எங்கே போவீர்கள்?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.

தெருமுனைப் பிரசங்கம் பிடிக்காதவர் நடையைக் கட்டலாம். பஸ்ஸில் என்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். கட்டிலில் கிடப்பவர் எங்கே போவார்? வைத்தியம் செய்கிற இடத்தில் முகம் சுளித்தால் கவனிப்பு குறைந்துவிடுமோ என்ற பயம் வேறு. தலையாட்டித்தான் வைப்பார். அந்தத் தலையாட்டலைத்தான் இளைஞன் விசுவாசம் என்று எண்ணிக்கொண்டு போவான்.

டீச்சரம்மா எழுந்து அவனிடம் போகிறார். கண்டிப்பார் என்று பார்த்தால், "தம்பி, இவங்க ஜக்குல தண்ணி தீர்ந்துபோச்சு. புடிச்சிட்டு வர்றீங்களா?" என்கிறார். அவன் கைப்பிரதிகளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஜக்கோடு போகிறான். திரும்பி வந்து, டம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டுகிறான். மகள் முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்க்கிறாள்.

இதே வேலூரில்தான் 1900இல் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். அதற்குச் சில வருஷம் முன்பு, திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் டாக்டரான அவருடைய அப்பாவை உள்ளே விட மூவருக்கும் மனமில்லை; ஐடாவோ வைத்தியம் படிக்காதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். வந்தவர்கள் கேட்டது உதவி. அதற்குப் பதில் சொல்ல அவர் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவர வேண்டியிருந்தது.

பைபிளில் பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரமும் கேள்விக்குப் பிறகே பதிலை வைக்கிறது: உன் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவருக்குப் பதில் தயாராக இருக்கட்டும், அதையும் பணிவாகச் சொல். பதிலை மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். கேள்வி எழுகிற மாதிரி வாழ்ந்து, அது வரும்வரை வாயைக் கட்டுவதுதான் கஷ்டம்.

இங்கே அது குடியாத்தத்துப் பெண்ணிடமிருந்து வருகிறது.

"இன்னாத்துக்கும்மா எங்களுக்கு இதெல்லாம் செய்யறீங்க? ஆஸ்பத்திரில சம்பளம் குடுக்கறாங்களா?"

டீச்சரம்மா சிரித்துவிடுகிறார். "சம்பளமெல்லாம் இல்ல கண்ணு. எங்க இயேசுசாமி தன்னோட சீஷருங்க காலையே கழுவிவிட்டவரு. எனக்கு முட்டிவலி, கீழ குனிய முடியல. அதான் தலை சீவுறேன்."

"அவ்ளோதானா?"

"இன்னும் கேக்கணும்னா கேளு. புதன்கிழமையும் வருவேன்."