கரிய வண்டியின் மெருகு

எந்தையார் விட்டுச்சென்ற கரிய மெர்சிடிஸ் வண்டியை வெயிலில் நிறுத்தியபோது, கதிரவனின் பிரதிபிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலைபோல் நுண்கீறல்கள் மின்னின. பணியாளரை ஐயுற்றோம், புழுதித் துணிகொண்டு வாரந்தோறும் துடைத்த எம் கைகளே அவற்றை இட்டன என்பது பின்னரே புலனாயிற்று.

2003-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தார் புகுத்திய மேற்பூச்சு, நுண்ணிய பீங்கான் துகள் கலந்து இறுகியது; கையால் தேய்த்துப் பயன் காணோம். சுழன்றும் அசைந்தும் இயங்கும் பாலிஷ் இயந்திரத்தில் முரட்டுத் தட்டைப் பொருத்தி, காம்பவுண்டு தடவி, சாண் சாணாக மெல்ல நகர்த்தினோம். கீறலை நிரப்பும் வேலையன்று இது. கீறலின் அடிமட்டம்வரை சுற்றுப்புறப் பூச்சைக் குறைக்கும் வேலை. பூச்சோ ஏறத்தாழ 50 மைக்ரான் கனமே, போனது மீளாது.

கதவுப்பிடியின் கீழிருந்த ஆழ்ந்த கீறலைமட்டும் தொடவில்லை. அஃது எந்தையாரின் மோதிரம் பட்ட இடம்.